ஹண்டர்வாலியை மக்கள் ஏற்றுக்கொண்டதற்கு நாடியாவின் வெள்ளைத் தோல்தான் காரணமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: 1935-இல் வெளிவந்த ‘ஹண்டர்வாலி’ படத்தில் முகமூடி அணிந்து, கையில் சாட்டையோடு கொடியவர்களைத் தண்டித்த நாடியா ஒரு வெள்ளைக்காரப் பெண் என்பதால்தான் அக்கால ரசிகர்கள் அவரைச் சகித்துக்கொண்டார்கள் என்றும், ஓர் இந்தியப் பெண் அப்படி நடித்திருந்தால் படமே ஓடியிருக்காது என்றும் சொல்லப்படுகிறதே, அது சரியா?

இந்த விளக்கத்தைப் பல இடங்களில் நானும் படித்திருக்கிறேன், நெடுங்காலம் நம்பியும் இருக்கிறேன். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் அது தவறு என்பதே இன்று என் முடிவு. அந்த விளக்கம் நாடியாவுக்கு முன்பு திரையில் வந்தவர்களையும், பின்பு வந்தவர்களையும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் படத்தைப் பார்க்க வந்த மக்களின் மனத்தில் ஏற்கெனவே குடியிருந்த பெண்களையும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ரணமல் என்ற அமைச்சன், கிருஷ்ணாவதி என்பவளின் சகோதரனைக் கொன்று, அவளையும் அவளுடைய கைக்குழந்தையையும் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். இருபது ஆண்டுகள் கழிகின்றன. அந்தக் குழந்தை ஜஸ்வந்த் என்ற ஏழை இளைஞனாக வளர்ந்து நிற்கிறான். அரச குடும்பத்தின் கார் மோதி அவன் காயமடைய, இளவரசி மாதுரி பொற்காசுகள் கொடுக்கிறாள். அவன் வாங்க மறுக்கிறான். அந்த மறுப்பே அவளை ஈர்க்கிறது. இளவரசியை மணக்க ஆசைப்பட்டு ஏமாந்த ரணமல் அரசரைச் சிறையில் அடைக்கிறான். அப்போதுதான் மாதுரி முகமூடி அணிந்து, குதிரையேறி, ஏழைகளைக் காத்துக் கொடியவர்களைத் தண்டிக்கும் ஹண்டர்வாலியாக மாறுகிறாள். ‘ஹண்டர்’ என்பது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்தான் என்றாலும் வடநாட்டுப் பேச்சில் அதற்கு வேட்டைக்காரர் என்று பொருள் இல்லை. சாட்டை என்று பொருள். ஆகவே ‘சாட்டைக்காரி’ என்பதே படத்தின் பெயர். இந்தச் சிறு செய்தியைத் தெரிந்துகொள்ளாதவர்கள் ‘வேட்டைக்காரி’ என்று மொழிபெயர்த்துவிட்டு, படத்தில் வேட்டை எங்கே என்று தேடுகிறார்கள்.

படத்தை இயக்கியவர் ஹோமி வாடியா. தயாரித்தது, அவருடைய அண்ணன் ஜே.பி.எச். வாடியாவும் அவரும் கூட்டாளிகளோடு சேர்ந்து 1933-இல் தொடங்கிய வாடியா மூவிடோன். கப்பல் கட்டும் தொழிலில் பெயர்பெற்ற பார்சிக் குடும்பம் அவர்களுடையது. பம்பாயின் பரேல் பகுதியில் இருந்த குடும்ப மாளிகையான லவ்ஜி காஸிலில்தான் ஸ்டூடியோ இயங்கியது. ‘ஹண்டர்வாலி’க்கு 80,000 ரூபாய் அளவில் செலவானதாகச் சொல்லப்படுகிறது; அன்றைக்கு அது பெரிய தொகை. எடுத்து முடித்த படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை. வெள்ளைக்காரி ஒருத்தி அரைக்கால் சட்டையும் முழங்கால்வரை பூட்ஸும் அணிந்து ஆண்களைத் தூக்கி எறிவதை யார் பார்ப்பார்கள் என்பது அவர்களுடைய தயக்கம். இதைக் கேள்வியோடு வைத்துப் பாருங்கள்: வியாபாரிகளுடைய அச்சத்துக்கு நாடியாவின் வெள்ளைத் தோலும் ஒரு காரணமாக இருந்தது. தயாரிப்பாளர்கள் தாங்களே துணிந்து பம்பாய் கிராண்ட் ரோட்டில் இருந்த சூப்பர் சினிமாவில் வெளியிட்டார்கள். படம் 25 வாரங்களுக்கு மேல் ஓடியது. ஹண்டர்வாலி பெயரில் சாட்டைகளும் பெல்ட்டுகளும் தீப்பெட்டிகளும் கடைகளில் விற்றன. சாட்டையைச் சுழற்றியபடி அவர் எழுப்பும் ‘ஹே...ய்’ என்ற கூவலைச் சிறுவர்கள் தெருவெல்லாம் கூவித் திரிந்தார்கள். யாரை மக்கள் நிராகரிப்பார்கள் என்று வியாபாரிகள் கணக்கிட்டார்களோ அவரையே மக்கள் கொண்டாடினார்கள். ஏன் என்பதுதான் விளக்கப்பட வேண்டியது.

நாடியாவின் இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ். 1908 ஜனவரி 8 அன்று ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பம்பாய்க்கு வந்தவர். பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய தந்தை முதல் உலகப் போரில் இறந்த பிறகு பெஷாவர் பகுதியில் வளர்ந்தார். குதிரையேற்றம், துப்பாக்கி சுடுதல், மீன்பிடித்தல் எல்லாம் அங்கே கற்றவை. பிறகு பம்பாய்க்குத் திரும்பி ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்தார். பாலே நடனம் பயின்றார். ஸார்கோ சர்க்கஸில் சேர்ந்தார். ஊர் ஊராகச் சென்று மேடையில் ஆடினார். பெயர் ‘ந’ என்ற எழுத்தில் தொடங்கினால் நல்லது என்று ஜோதிடம் பார்த்தவர் ஒருவர் சொன்னதால் நாடியா ஆனார். ஜே.பி.எச். வாடியா அவரைச் சந்தித்தபோது, ‘நந்தா தேவி’ என்று பெயரை மாற்றிக் கறுத்த நீண்ட சடையோடு ஒட்டுமுடி வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னார். நாடியா மறுத்துவிட்டார்; நான் வெள்ளைக்காரி, கறுத்த சடை வைத்தால் கேலிக்கூத்தாக இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். முதலில் ‘தேஷ் தீபக்’, ‘நூரே யமன்’ ஆகிய படங்களில் சிறு வேடங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் ‘ஹண்டர்வாலி’.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். சாட்டையேந்திய நாயகி நாடியாவோடு வானத்திலிருந்து குதித்தவள் அல்லள். மௌனப்பட நாட்களில், 1927-இல், இம்பீரியல் நிறுவனத்தின் ‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’ படத்தில் சுலோச்சனா எட்டு வேடங்களில் தோன்றினார். போலீஸ்காரராகவும், ஹைதராபாத் கனவானாகவும், தெருச் சிறுவனாகவும் ஆண்வேடம் புனைந்து அவர் ஆடிய ஆட்டம் அன்றைய ரசிகர்களின் பேச்சாக இருந்தது. சுலோச்சனாவின் இயற்பெயர் ரூபி மையர்ஸ். இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த யூதக் குடும்பத்துப் பெண். இவரும் ‘வேற்று’ப் பெண்தானே என்று ஒருவர் சொல்லலாம்; அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டு மேலே செல்கிறேன். வெளிநாட்டுப் பாதிப்பும் இருந்தது. பேர்ல் வைட் நடித்த அமெரிக்கத் தொடர்படங்களும், டக்ளஸ் ஃபேர்பேங்ஸின் 1920-ஆம் ஆண்டு ‘மார்க் ஆஃப் ஸோரோ’வும் இங்கே ஓடியவை, ஃபேர்பேங்ஸ் படங்களில் ஜே.பி.எச். வாடியாவுக்கு இருந்த மோகம் ஊரறிந்தது. ஸோரோவின் முகமூடியும் சாட்டையும் ஹண்டர்வாலியின் கைக்கு வந்த வழி இதுதான். ஆனால் முகமூடி எங்கிருந்து வந்தது என்பதும், அதை அணிந்த பெண்ணை மக்கள் ஏன் அடையாளம் கண்டுகொண்டார்கள் என்பதும் ஒரே கேள்வி அல்ல.

மக்களுக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். இன்று நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் பந்தெறியும் பெண்களையெல்லாம் வீராங்கனை என்று எழுதுகிறோம். ஆனால் வடநாட்டில் அந்தச் சொல்லுக்கு, கவசம் பூண்டு, குதிரையேறி, வாளெடுத்து, ஆண்கள் தவறவிட்ட நீதியை நிலைநாட்டும் அரசி என்று நெடுங்காலமாக ஒரு தனிப் பொருள் உண்டு. ஜான்சி ராணி லட்சுமிபாயும், சாந்த் பீபியும், ரசியா சுல்தானாவும் அந்த வரிசை. நௌடங்கிக் கூத்திலும் பார்சி நாடக மேடையிலும் அச்சுப் படங்களிலும் இந்த உருவம் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தது. தமிழ் வாசகர்கள் இதற்காக வடக்கே போகவும் வேண்டாம்: ஆணுக்கு அடங்காமல் மதுரையை ஆண்ட அல்லியின் கதை பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளில் விற்றது, நாடகமாக ஊர் ஊராக நடந்தது, ‘அல்லி தர்பார்’ என்று பேச்சு வழக்கிலும் ஏறியது.

இவை பழங்கதைகள்தானே என்றால், 1935-க்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். 1931 டிசம்பரில் வங்காளத்தின் கொமில்லாவில் சாந்தி கோஷ், சுநீதி சௌத்ரி என்ற இரண்டு பள்ளி மாணவிகள் மாவட்ட மாஜிஸ்திரேட்டைச் சுட்டுக்கொன்றார்கள். 1932 பிப்ரவரியில் கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பீனா தாஸ், வங்காள ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கிச் சுட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் சிட்டகாங் அருகே பஹர்தலியில் இருந்த ஐரோப்பியர் கிளப்பின் மீதான தாக்குதலுக்கு, ஆண்வேடமிட்டுத் தலைமை தாங்கிய பிரீதிலதா வத்தேதார், பிடிபடாமலிருக்க நஞ்சுண்டு இறந்தார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து தடியடி பட்டது 1930-இல். இந்தச் செய்திகளைப் படித்தும் படிக்கக் கேட்டும் இருந்த மக்கள்தான் மூன்றே ஆண்டுகள் கழித்து ‘ஹண்டர்வாலி’க்கு டிக்கெட் வாங்கினார்கள். பெண் ஆயுதமேந்துவாள் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தியே அல்ல. அதைத் திரையில் காட்டத் துணிந்ததுதான் புதிது. பிரிட்டிஷ் தணிக்கை அலுவலகம் விடுதலைப் போராட்டத்தை நேராகப் பேச விடாது. ஆனால் கற்பனைச் சமஸ்தானம் ஒன்றில், அரசுரிமையைப் பறித்த அமைச்சனை ஒரு பெண் சாட்டையால் அடிப்பதைத் தணிக்கையால் எப்படி வெட்ட முடியும்? ஜே.பி.எச். வாடியா சட்டம் படித்தவர், அரசியல் ஈடுபாடு கொண்டவர், பிற்காலத்தில் இடதுசாரிச் சிந்தனையாளர் எம்.என். ராயின் கொள்கை வழி நடந்தவர். அவருடைய நிறுவனத்தின் சண்டைப் படங்களில் அரசியல் தற்செயலாக நுழைந்துவிடவில்லை.

சரி, வெள்ளைத் தோல் விளக்கத்தில் இருக்கும் உண்மை என்ன? இரண்டு விஷயங்களில் அதை ஒப்புக்கொள்கிறேன். முதலாவது, உடல். தொடை தெரிய அரைக்கால் சட்டை அணிவதும், ஆண்களோடு கட்டிப் புரண்டு மல்லுக்கட்டுவதும், ஒரு முழு ஆளைத் தலைக்கு மேல் தூக்கி நிற்பதும் அன்றைய இந்தியக் குடும்பத்துப் பெண்ணுக்கு எளிதாக இருந்திருக்காது. குடும்பத்துப் பெண்கள் திரைக்கு வருவதே பெரும் பேச்சாக இருந்த காலம் அது. சர்க்கஸிலும் நடன மேடையிலும் பழகிய நாடியாவுக்கு அந்தத் தடை இல்லை. இரண்டாவது, சாட்டையைப் பிடித்திருந்த கையின் நிறம். காலனி ஆட்சியில் வெள்ளைக் கையில் சாட்டை இருந்தால் அது யார் முதுகில் விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதே கை இங்கே ஏழைகளின் பக்கம் நின்று அதிகாரத்தை அடிக்கிறது. இந்தத் தலைகீழ் மாற்றத்தில் பார்வையாளர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி இருந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். அதை இந்திய நடிகை எவராலும் கொடுத்திருக்க முடியாது. ஆனால் கவனியுங்கள், இவ்விரண்டுமே நாடியா எப்படித் தனித்துவம் பெற்றார் என்பதைத்தான் விளக்குகின்றன. இந்தியப் பெண் நடித்திருந்தால் மக்கள் ஒதுக்கியிருப்பார்கள் என்பதை இவை நிறுவவில்லை.

அதை மறுக்கும் சான்று நம் கையிலேயே இருக்கிறது. ‘ஹண்டர்வாலி’ வந்து இரண்டே ஆண்டுகளில், 1937-இல், தமிழில் ‘மின்னல்கொடி’ வந்தது. இயக்கியவர் கே. அமர்நாத், நாயகி கே.டி. ருக்மிணி. சொத்துக்கு ஆசைப்பட்ட உறவினரால் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்த மோகினி என்ற பெண், இறந்துபோன ஒரு கொள்ளைக்காரரின் இடத்தைத் தான் எடுத்துக்கொண்டு, ஆண் உடை தரித்து, இருப்பவர்களிடம் பறித்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறாள். அவளைப் பிடிக்க வரும் போலீஸ் அதிகாரி அவளிடமே மனத்தைப் பறிகொடுக்கிறார். ருக்மிணி ஆஸ்திரேலியாவில் பிறந்தவர் அல்லர். அவருடைய கண் நீலமும் அல்ல. தமிழ் ரசிகர்கள் திரையரங்கைக் கொளுத்திவிடவில்லை. மாறாக, சண்டைப் படங்களின் நாயகி என்ற பெயர் ருக்மிணிக்கு நிலைத்தது. 1939-இல் அதே இயக்குநரும் அதே நாயகியும் சேர்ந்து ‘வீர ரமணி’ கொடுத்தார்கள். இதே பாணியில் மீண்டும் ஒரு படத்துக்குப் பணம் போடத் தயாரிப்பாளர் கிடைத்தார் என்பதைவிட வலுவான சாட்சியம் திரைத்துறையில் வேறு கிடையாது.

‘மின்னல்கொடி’யை ‘ஹண்டர்வாலி’யின் அருகே வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. மாதுரி இளவரசி. அவள் போராடுவது, சிறையில் இருக்கும் தந்தையை மீண்டும் அரியணையில் அமர்த்துவதற்காக. முகமூடியைக் கழற்றினால் திரும்பிப் போக அவளுக்கு அரண்மனை இருக்கிறது. மோகினிக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. அந்த வகையில் தமிழ்ப் படத்தின் நாயகிதான் சட்டத்துக்கு வெளியே அதிக தூரம் போகிறாள் என்பது என் கருத்து. ‘ஹண்டர்வாலி’யை வெறுமனே பெண் விடுதலைப் படமாகப் புகழ்பவர்கள் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கும் ஹண்டர்வாலியை ஜஸ்வந்த் மடக்கிப் பிடித்து, பரிசுக்காக ரணமலிடம் ஒப்படைக்கிறான். அவள் தப்பித்து வருகிறாள். கடைசியில் இருவரும் கைகோத்தே வில்லனை வீழ்த்துகிறார்கள். பெண்ணின் வலிமையைக் காட்டும் படமே அவளைக் குளிக்கும்போது பார்க்கும் படமாகவும் இருக்கிறது. அதை மூடி மறைப்பதில் பயனில்லை.

நாடியாவின் அடுத்த படங்களில் இந்தக் குறை படிப்படியாகக் குறைந்தது என்பேன். 1936-இல் வந்த ‘மிஸ் ஃப்ரான்டியர் மெயி’லில் அவர் இளவரசி அல்லர், செய்யாத கொலைக்குப் பழி சுமந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரின் மகள். ஓடும் ரயிலின் கூரைமேல் ஆண்களோடு அவர் போடும் சண்டையை இன்று பார்த்தாலும் மூச்சு ஒரு கணம் நின்றுபோகும்; அவருக்குப் பதிலாகக் குதிக்க மாற்றுக் கலைஞர் யாரும் இல்லை. 1940-இல் வந்த ‘டயமண்ட் குயி’னில் பெண் கல்வி பற்றியும், பெண்கள் விடுதலை பெறாமல் நாடு விடுதலை பெறாது என்ற கருத்துப் பற்றியும் வெளிப்படையாகவே பேசுகிறார். அவரோடு நடித்த ஜான் காவஸ் உடற்பயிற்சி வீரர். ‘பஞ்சாப் கா பேட்டா’ என்ற குதிரையும், ‘ரோல்ஸ் ராய்ஸ் கீ பேட்டி’ என்று பெயரிடப்பட்ட பழைய காரும் கதாபாத்திரங்களாகவே நடத்தப்பட்டன. இந்த இரண்டு படங்களும் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. நாடியாவைப் புரிந்துகொள்ள விரும்புபவர் இவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

பிறகு ஏன் இந்த நாயகி மறைந்தாள்? இதற்கும் தோலின் நிறம் காரணமல்ல. சண்டைப் படங்களை விமரிசகர்கள் தொடக்கத்திலிருந்தே தாழ்வாகத்தான் வைத்தார்கள். உழைக்கும் மக்களும் சிறுவர்களும் தரை டிக்கெட்டில் பார்க்கும் படம் என்ற முத்திரை அதன்மீது விழுந்தது. வீட்டுக்குள்ளேயே இந்தப் பிளவு இருந்தது: ஜே.பி.எச். வாடியாவுக்குச் சமூகப் படங்களிலும் கலைப் படங்களிலும் நாட்டம் அதிகரித்தது. சாதனா போஸ் நடிக்க 1941-இல் ‘ராஜ நர்த்தகி’யை ஆங்கிலத்திலும் எடுத்தார். 1942-இல் ஹோமி பிரிந்து போய் பசந்த் பிக்சர்ஸைத் தொடங்கி, அடுத்த ஆண்டே நாடியாவை வைத்து ‘ஹண்டர்வாலி கீ பேட்டி’ எடுத்து வெற்றி கண்டார். பரேல் ஸ்டூடியோ இயக்குநர் வி. சாந்தாராமின் கைக்குப் போய் ராஜ்கமல் கலாமந்திர் ஆயிற்று. விடுதலைக்குப் பிறகு, கண்ணீரும் பொறுமையும் கொண்ட நாயகியே உத்தமி என்ற வார்ப்பு இந்தித் திரையில் இறுகிப்போனது. பசந்த் பிக்சர்ஸும்கூடப் புராணப் படங்களுக்கும் மாயாஜாலப் படங்களுக்கும் திரும்பியது. நாயகிக்குச் சாட்டை தேவைப்படாமல் போனதற்குக் காரணம், அவளுக்காக நாயகன் அடிக்க வேண்டும் என்ற ஏற்பாடு எங்கும் வழக்கமானதே.

நாடியாவும் ஹோமியும் நெடுங்காலம் காத்திருந்து 1961-இல் மணந்துகொண்டார்கள். 1968-இல் ‘கிலாடி’யில் கடைசியாக நடித்தார். ஜே.பி.எச். வாடியாவின் பேரன் ரியாத் வாடியா 1993-இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம்தான் அவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகம் செய்தது. 1996 ஜனவரி 9 அன்று, 88-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், அவர் காலமானார்.

அந்த ஆவணப்படமும் அதைத் தொடர்ந்து வந்த நூல்களும் நாடியாவுக்குச் சேர வேண்டிய புகழைச் சேர்த்தன. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவரைப் பற்றி எழுதியவர்களில் பலரும் நீலக் கண்ணையும் பொன்னிற முடியையும் முன்னிறுத்தியே எழுதியதால், வெள்ளைக்காரி என்பதால்தான் இது நடந்தது என்ற எண்ணம் மெல்ல மெல்ல உறுதிப்பட்டுவிட்டது. கே.டி. ருக்மிணிக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை. அவர் பெயரைச் சொன்னால் அடையாளம் காணக்கூடிய தமிழர் இன்று மிகச் சிலரே. இந்தியப் பெண் அப்படி நடித்திருக்க முடியுமா என்று இனி யாராவது உங்களிடம் கேட்டால், நடித்தார், 1937-இல், தமிழில் என்று சொல்லி, ‘மின்னல்கொடி’யின் பெயரை அவருக்குக் கொடுங்கள்.